கப்பலில் கருவி வந்துவிட்டது. இனி இன்னொரு காக்கா ஆழி வராதா?

பழவேற்காடு பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 2024 செப்டம்பருக்குப் பிறகு எல்லா வெளிநாட்டுக் கப்பலிலும் பாலாஸ்ட் தண்ணீரை (கப்பல் நிலையாக மிதக்க அதன் டேங்குகளில் ஏற்றும் தண்ணீர்) சுத்திகரிக்கும் கருவி கட்டாயம் என்று படித்தீர்கள். அப்படியானால் காக்கா ஆழி என்ற வெளிநாட்டு மட்டி மாதிரி இன்னொன்று இனி நம் கழிமுகத்துக்கு வராது என்று நம்பலாமா? அதற்கு முன்பு நடுக்கடலில் தண்ணீர் மாற்றிக்கொண்டுதானே வந்தார்கள், அது ஏன் போதவில்லை? இவை இரண்டும் நீங்கள் கேட்டவை. இவற்றுக்கு அடியில் இருக்கும் கேள்வி வேறு: கப்பலின் சான்றிதழையும் பதிவேட்டையும் பார்த்து, அது கொட்டுகிற தண்ணீர் ஆபத்தில்லாதது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. கருவி ஆபத்தைப் பெருமளவு குறைக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எவ்வளவு குறைக்கும் என்பது கருவியை எந்தத் தண்ணீரில், யார், எப்படி ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நான் அறிந்தது பம்ப், வால்வு, டேங்க் பக்கம். உயிரினங்களைப் பற்றிச் சொல்லும்போது ஆய்வாளர்கள் உறுதிசெய்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தண்ணீர் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சரக்கை இறக்கிய கப்பல் லேசாகி மேலே எழும்பும். ப்ரொப்பெல்லர் பாதி வெளியே தெரியும், அலையில் உடல் முறுக்கும், சுக்கான் சரியாகப் பிடிக்காது. அதனால் சரக்கு இறங்க இறங்க அந்தத் துறைமுகத்துத் தண்ணீரையே டேங்குகளில் ஏற்றுவார்கள். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற ஏற அதைக் கொட்டுவார்கள். தாதுவும் நிலக்கரியும் சுமக்கும் மிகப் பெரிய ‘கேப்சைஸ்’ வகைக் கப்பல் ஐம்பதாயிரம் டன்னுக்கு மேல் இப்படித் தண்ணீர் சுமக்கும். ஆகவே அதிகமாகக் கொட்டப்படுவது ஏற்றுமதித் துறைமுகங்களில். நிலக்கரி இறக்கும் கப்பல் எண்ணூரில் பெரும்பாலும் தண்ணீரை எடுக்குமே தவிரக் கொட்டாது. ஆனால் சாய்வைச் சரிசெய்யவும், கப்பல் வந்து நிற்கும் பெர்த்தில் ஆழம் போதாதபோதும், ஓரளவு கொட்ட வேண்டி வரும். கன்டெய்னர் கப்பலும் கார் ஏற்றும் கப்பலும் எடுப்பதும் விடுவதுமாக இருக்கும். சென்னைத் துறைமுகத்தில் பல பத்தாண்டுகள் இரும்புத் தாது ஏற்றுமதி நடந்தது. தாது ஏற்ற வெறுமையாக வந்த கப்பல்கள் கொட்டிய தண்ணீரின் அளவோடு ஒப்பிட்டால் இவை எல்லாம் சிறியவை.

இனி நடுக்கடல் மாற்றம். சர்வதேச கடல்சார் அமைப்பில் 2004 பிப்ரவரியில் நிறைவேறி, 2017 செப்டம்பர் 8-ல் நடைமுறைக்கு வந்த பாலாஸ்ட் ஒப்பந்தத்தில் இதற்கு டி-1 என்று பெயர். கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், 200 மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் மாற்ற வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் குறைந்தது 50 மைல், அதே 200 மீட்டர் ஆழம். டேங்கின் தண்ணீரில் 95 விழுக்காடு மாற வேண்டும். டேங்கை முழுக்க வற்றவைத்து மறுபடி நிரப்பலாம். அல்லது நிரம்பிய டேங்குக்குள் புதுத் தண்ணீரைச் செலுத்தி, பழையதை வழியவிடலாம். வழியவிடும் முறையில் டேங்க் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு செலுத்தினால் 95 விழுக்காடு என்று கணக்கு. இது குத்துமதிப்பான எண் இல்லை. உப்புத் தண்ணீர் நிறைந்த ஒரு குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்து, கலந்து கலந்து வழிய விட்டால், ஒரு குடம் ஊற்றியதும் பழைய உப்பில் 37 விழுக்காடு மிஞ்சும், இரண்டாவதில் 13.5, மூன்றாவதில் 5. டேங்கில் நடப்பதும் இதுவேதான்.

ஆனால் டேங்க் குடத்தைப் போல வழவழப்பாக இருப்பதில்லை. அடியில் குறுக்கும் நெடுக்குமாக விலா எலும்புகள், மூலைகள், துளைகள். அங்கே தண்ணீர் சரியாகக் கலக்காது, சேறு தங்கும். எஞ்சும் 5 விழுக்காடு பெரும்பாலும் உயிர்கள் ஒளிந்திருக்கும் அந்த அடிப்பகுதித் தண்ணீர்தான். இன்னொரு சிக்கல் நேரம். 20,000 கன மீட்டர் கொள்ளளவுக்கு மூன்று மடங்கு 60,000. மணிக்கு 750 கன மீட்டர் தள்ளும் இரண்டு பம்ப்பும் சேர்ந்து ஓடினால்கூட 40 மணி நேரம். வற்றவைத்து நிரப்பும் முறையிலோ, பாதி காலியான டேங்குகளில் தண்ணீர் அலைந்து கப்பலின் நிலைத்தன்மை குறையும், வளையும் விசை கூடும். வழியவிடும் முறையில் காற்றுக் குழாய் தண்ணீரை வெளியேற்றும் வேகத்தைவிடப் பம்ப் வேகமாகத் தள்ளினால் டேங்கின் மேல்தட்டு உப்பிப்போகும். அலை பெரிதாக இருந்தால் கேப்டன் மாற்றத்தை நிறுத்தலாம்; ஒப்பந்தமே அனுமதிக்கிறது, நிறுத்தவும் வேண்டும். மாற்றத்துக்காகப் பயண வழியை விலகச் சொல்லவும் முடியாது. சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும் கப்பலுக்கு வங்கக் கடலில் இடமும் ஆழமும் உண்டு. கொழும்பிலிருந்து தூத்துக்குடி வரும் கப்பலுக்கு 50 மைல் கிடைப்பதே அரிது.

உப்பு அதிர்ச்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். நன்னீர்த் துறைமுகத்தில் எடுத்த உயிர்கள் கடல் உப்பில் பெரும்பாலும் செத்துவிடும். அங்கே நடுக்கடல் மாற்றம் உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. வட அமெரிக்கப் பேரேரிகள் இதற்கு நல்ல சான்று. ஜீப்ரா மட்டி அங்கே 1988-ல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. 1993-ல் தண்ணீர் மாற்றம் கட்டாயமாக்கப்பட்டது. அதற்குப் பிறகும் புதிய உயிர்கள் வந்துகொண்டிருந்தன. காரணம், அங்கு வந்த கப்பல்களில் பெரும்பாலானவை சரக்கு நிரம்பி, ‘பாலாஸ்ட் இல்லை’ என்று அறிவித்துக்கொண்டு வந்தவை. பம்ப்புக்கு எட்டாத சில பத்து டன் தண்ணீரும் சேறும் அவற்றின் அடியில் கிடந்தன. ஏரிக்குள் ஒரு துறைமுகத்தில் சரக்கை இறக்கி அந்த டேங்குகளில் நீர் ஏற்றினார்கள், அடுத்த துறைமுகத்தில் கொட்டினார்கள். பழைய சேறும் சேர்ந்து போனது. 2006-ல் கனடாவும் 2008-ல் அமெரிக்காவும் காலி டேங்குகளையும் கடல் நீரால் அலசி, உப்பு ஆயிரத்துக்கு 30 பங்காவது இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தி, ஏரிக்குள் நுழையும் கப்பல்களின் டேங்குகளை நேரிலேயே அளந்து பார்த்தன. அதற்குப் பின் புதிதாகக் கண்டறியப்படும் உயிர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. கருவி எதுவும் இல்லாமலே கிடைத்த பலன் அது. விதி இருந்ததால் மட்டும் கிடைத்ததில்லை. டேங்க் டேங்காகப் போய் அளந்து பார்த்ததால் கிடைத்தது. நம் கழிமுக உயிர்கள் விஷயம் வேறு. மழைக்காலத்தில் கிட்டத்தட்ட நன்னீரையும் கோடையில் கடலைவிடக் கூடிய உப்பையும் தாங்கிப் பழகியவற்றை உப்பை வைத்து அடக்க முடியாது.

அதனால்தான் டி-2 வந்தது. எத்தனை விழுக்காடு மாற்றினாய் என்று அது கேட்பதில்லை. கொட்டும்போது எத்தனை உயிர் இருக்கிறது என்று கேட்கிறது. 50 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள உயிர்கள் ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக, 10 முதல் 50 மைக்ரானுக்குள் உள்ளவை ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக்கும் குறைவாக. நோய்க்கிருமிகளுக்கும் வரம்பு உண்டு: 100 மில்லிலிட்டரில் நச்சு உண்டாக்கும் காலராக் கிருமி 1-க்குக் குறைவு, ஈ-கோலை 250-க்குக் குறைவு, குடல் என்டரோகாக்கஸ் 100-க்குக் குறைவு. 2024 செப்டம்பர் 8 முதல் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கப்பல்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல். இது கடுமையான அளவுகோல். கரையில் சோதிக்கும்போது, கன மீட்டருக்குக் குறைந்தது ஒரு லட்சம் பெரிய உயிர்கள் உள்ள நீரைக் கருவிக்குள் விட்டு, பத்துக்குக் கீழே கொண்டுவந்து காட்ட வேண்டும். ஆனாலும் பூஜ்யம் இல்லை. ஐம்பதாயிரம் கன மீட்டர் கொட்டும் கப்பல், விதிக்கு முழுக்க உட்பட்டே, கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பெரிய உயிர்களையும், ஐம்பதாயிரம் கோடிக்குச் சற்றுக் குறைவாகச் சிறியவற்றையும் விடலாம். அவை ஒரே இனமாக இருக்காது; பெரும்பாலானவை புது இடத்தில் பிழைக்காது. ஒரு இனம் நிலைபெற, போதிய எண்ணிக்கை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழ வேண்டும். அந்த எண்ணிக்கையை வெட்டுவதுதான் டி-2-இன் வேலை. எந்த எண்ணிக்கைக்குக் கீழே எந்த இனம் நிலைக்காது என்று இனம்வாரியாக யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

கருவிகளில் பெரும்பாலானவை இரண்டு வகை. இரண்டிலும் பொதுவாக முதலில் ஒரு ஃபில்டர், 40 அல்லது 50 மைக்ரான் கண். மட்டிகளின் குஞ்சுப் பருவம் பெரும்பாலும் இதைவிடப் பெரியது என்பதால், கிழியாத ஃபில்டரே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளே வரும் அழுத்தத்துக்கும் வெளியே போவதற்கும் வித்தியாசம் கூடினால் ஃபில்டர் தானே பின்னோக்கி அலசி, அழுக்கை அதே துறைமுகத்தில் கடலுக்குள் தள்ளும். அந்த அலசலுக்குப் போதிய அழுத்தம் வேண்டும். பழைய பம்ப், நீளமான குழாய், அதன்மேல் ஃபில்டர் என்று சேரும்போது அழுத்தம் போதாமல், அலசல் நடந்தும் ஃபில்டர் அடைபட்டே கிடக்கும். பழைய கப்பல்களில் கருவியைப் பொருத்தியவர்கள் அதிகம் மல்லுக்கட்டுவது இதனோடுதான்.

யு.வி. வகை ஃபில்டரைத் தாண்டிய தண்ணீரைப் புற ஊதாக் கதிரில் காட்டும். எடுக்கும்போது ஒரு முறை; கொட்டும்போது ஃபில்டரைத் தவிர்த்து மறுபடி ஒரு முறை. கதிர் உயிரைப் பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. மரபணுவைச் சிதைத்து இனப்பெருக்கம் செய்யவிடாமல் ஆக்குகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னும் நெளியும். ஒப்பந்தத்தில் இல்லாமல் தனிச் சட்டம் வைத்திருக்கும் அமெரிக்கா ‘உயிரோடு இருக்கிறதா’ என்று கேட்பதாலும், ஒப்பந்தம் ‘பெருகும் திறன் இருக்கிறதா’ என்று பார்ப்பதாலும், ஒரே கருவிக்கு அங்கே ஓட்டும் வரம்பு வேறு, மற்ற இடங்களில் வேறு. விளக்கின் மேலுள்ள குவார்ட்ஸ் குழாயில் சுண்ணப் படலமும் இரும்புக் கறையும் படியும். அமிலத்தால் கழுவும் சுழற்சியை ஒவ்வொரு முறை ஓட்டிய பின்பும் செய்யாவிட்டால் கதிர் குறைந்துவிடும். கலங்கிய தண்ணீரில் கதிர் ஊடுருவாது. கருவி ஓட்டத்தைக் குறைக்கும். மணிக்கு 1,500 கன மீட்டர் வேண்டிய இடத்தில் 500 கிடைத்தால், சரக்கு இறக்கும் வேகத்துக்குப் பாலாஸ்ட் ஈடுகொடுக்காது. பெர்த் வாடகை ஓடும், டெர்மினலிலிருந்து நெருக்குவார்கள். அப்போதுதான் கருவிக்குள் போகாமல் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைத் திறக்கும் ஆசை வரும். தாது, நிலக்கரி போன்றவற்றை மூட்டையில்லாமல் கொட்டி ஏற்றும் பல்க் கேரியரில் இன்னொரு ஓட்டை உண்டு. மேலிருக்கும் டாப்சைட் டேங்குகளைப் பம்ப் இல்லாமல் நேராகக் கடலில் இறக்கிவிடும் வால்வு சில கப்பல்களில் உள்ளது. அதைத் திறந்தால் இரண்டாவது கதிர் சிகிச்சை நடக்கவே நடக்காது.

மின்பகுப்பு வகை கடல் நீரின் உப்பிலிருந்தே குளோரின் தயாரித்துக் கலக்கிறது. கலக்கும் அளவு தயாரிப்பாளரைப் பொறுத்து பொதுவாக லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை. உப்பும் வெப்பமும் குறைந்தால் போதிய குளோரின் வராது. ஹால்தியா போன்ற உப்புக் குறைந்த ஆற்றுத் துறைமுகங்களில் எடுக்க, கப்பலின் பின்கோடியில் உள்ள பீக் டேங்கில் முன்கூட்டியே கடல் நீரை நிரப்பி வைத்திருந்து, அதிலிருந்து குளோரின் தயாரிக்க வேண்டும். மறந்தால் அங்கே எடுக்கவே முடியாது. சேறும் கரிமப் பொருளும் கூடிய நீர் குளோரினைச் சீக்கிரம் தின்றுவிடும். காத்திருக்கும் நேரம் கையேட்டில் எழுதியிருக்கும், அதற்கு முன் கொட்டக் கூடாது. கொட்டும்போது எஞ்சிய குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டோ பைசல்பைட்டோ கொண்டு நீக்கி, லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் போன்ற வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் துறைமுகத்து மீன்களுக்கே அது விஷம். மின்பகுப்பில் ஹைட்ரஜன் பிறக்கும். அதைக் காற்றால் நீர்த்து வெளியேற்றும் ப்ளோயரும் வாயு எச்சரிக்கையும் ஓடாமல் கருவியை ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. இவ்வளவுக்கும் நடுவில், இந்த வகை அதிகம் தடுமாறுவது ஒரு சின்னப் பொருளால்: குளோரின் அளக்கும் சென்சாரின் வேதிக் கரைசல் காலாவதியாகியிருக்கும், அல்லது அதற்கு மாதிரி நீர் கொண்டுவரும் மெல்லிய குழாய் அடைத்திருக்கும். திரையில் எண் வரும், அது பொய் எண்ணாக இருக்கும்.

சேற்றுத் துறைமுகங்களில் கருவி உண்மையாகவே திணறும் என்பதை சர்வதேச அமைப்பும் ஏற்றுக்கொண்டு, 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறி வகுத்தது. முதலில் ஓட்டத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். தேவைக்குமேல் எடுக்கக் கூடாது. எல்லாம் முயன்றும் முடியாதபோது மட்டும் பைபாஸ். அப்படி எடுத்தால் அந்த டேங்குகள் அசுத்தமானவை. ஆழ்கடலில் அந்தத் தண்ணீரை முழுக்க மாற்றி, மாற்றி ஏற்றும் நீரைக் கருவி வழியாகவே ஏற்றி, குழாயையும் அலசி, பதிவேட்டில் எழுத வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் ஏற்கக்கூடிய வழிதான். ஆற்றிலிருந்து கிளம்பி மூன்று நாளில் அடுத்த துறைமுகம் போகிற கப்பலுக்கு, நான் மேலே போட்ட 40 மணிக் கணக்கைப் பொருத்திப் பாருங்கள்; எங்கே வழுக்கும் என்று தெரியும்.

கருவி தொடாதவை இரண்டு. ஒன்று, டேங்க் அடியில் பல வருடம் படிந்த சேறு. நச்சுப் பாசிகளின் உறங்குமுட்டைகள் அதில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். சுத்திகரித்த நீரை அதன்மேல் ஊற்றினால் மறுபடி கலந்துவிடும். கருவி பொருத்தும் முன்பும், உலர்துறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சேற்றை அள்ளிக் கரையில் ஒப்படைக்க வேண்டும். இரண்டாவது, கப்பலின் வெளி உடல். அடிமட்டத்திலும், கடல் நீர் இழுக்கும் சீ-செஸ்ட் பெட்டியிலும், சுக்கான் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு வரும் மட்டிகளைப் பாலாஸ்ட் விதி எதுவும் தடுக்காது. 1999-ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகப் படகுத்துறைகளில் கறுப்புக் கோட்டு மட்டி புகுந்தது பாலாஸ்ட் வழியாக அல்ல, பாய்மரப் படகுகளின் உடல் வழியாக என்றே கருதப்படுகிறது. அங்கே அதை வாரக்கணக்கில் அடைத்து, ரசாயனமிட்டு ஒழித்தார்கள். கதவு போட்டு மூடக்கூடிய துறையாக இருந்ததால்தான் முடிந்தது.

காக்கா ஆழிக்கு வருவோம். மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்ற இந்த மட்டியின் தாயகம் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பக் கடற்கரைகள். பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய இடங்களில் பரவி, கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் பதிவாகியுள்ளது. எண்ணூர்க் கழியில் அது சேற்றின்மேல் கம்பளம் போலப் படர்ந்து, இறால் புதையும் இடத்தை மூடுகிறது. கையால் தடவி இறால் பிடிக்கும் மக்கள்தான் முதல் அடி வாங்கியவர்கள். இவை உறுதி. கப்பல் வழியாக வந்தது என்பது மிகவும் சாத்தியம். கடல் தாண்டி வர வேறு வழிகள் அதற்குக் குறைவு. பாலாஸ்ட் தண்ணீரிலா, கப்பலின் உடலில் ஒட்டியா என்பது உறுதி இல்லை. எந்தத் துறைமுகத்தின் எந்தக் கப்பல் என்று பின்னோக்கி நிரூபிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். என் கணிப்பு, அது நேராக அமெரிக்காவிலிருந்து வரவில்லை. அங்கிருந்து சென்னைக்கு மாதத்துக்கு மேல் ஆகும். இருட்டு டேங்கில் குஞ்சு அவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பது கடினம். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஐந்தாறு நாள்தான். ஏற்கெனவே பரவிய இடம் அடுத்த இடத்துக்கு விதைக்களமாகும் முறை இதில் வழக்கமானது. அமெரிக்க மட்டி நம் கரைக்கு வருவதும் புதிதில்லை: டார்வினில் ஒழிக்கப்பட்ட அதே கறுப்புக் கோட்டு மட்டி விசாகப்பட்டினத்தில் 1967-லேயே பதிவானது. இரண்டும் பார்வைக்கு நெருக்கமானவை. ஒன்றை இன்னொன்றாக எழுதிவைத்திருக்க வாய்ப்பு உண்டு.

ஒப்பந்தத்தில் சேர்ந்த நாட்டின் துறைமுகத்தில் அதிகாரிகள் கப்பலைச் சரிபார்க்கலாம். சான்றிதழ் தேதியைப் பார்ப்பது முதல் படி, அதோடு நிற்பதுதான் தவறு. பதிவேட்டில் டேங்க்வாரியாக எழுதிய அளவும் இடமும், பம்ப் ஓடிய நேரமும் பொருந்துகிறதா என்று கணக்கிட வேண்டும். மணிக்கு 1,500 கன மீட்டர் தள்ளும் கப்பல் அரை மணியில் 3,000 கன மீட்டர் மாற்றியதாக எழுதினால் அது நடக்கவில்லை. கருவியின் நினைவகத்தில் 24 மாதப் பதிவு இருக்க வேண்டும். பைபாஸ் வால்வு திறந்த நேரமும் அலாரங்களும் அதில் அழியாமல் கிடக்கும். அதைப் பிரதி எடுத்துப் பதிவேட்டோடு ஒட்டிப்பார்த்தால் பாதிக்கு மேல் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் வெளியேறும் குழாயில் மாதிரி எடுத்து உடனடிச் சோதனை, பிறகு ஆய்வகச் சோதனை. இவற்றில் எதுவும் பெரிய செலவில்லை. கேட்டு வாங்கிப் படிக்கும் ஆள் வேண்டும்.

உங்கள் பக்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்கு மதிப்பும் அதிகம். புதிதாக ஒன்றை வலையிலோ மதகிலோ படகின் அடியிலோ பார்த்தால், பத்துப் பதினைந்தை ஓட்டோடு எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். தேதி, இடத்தின் ஜிபிஎஸ் எண், அன்று தண்ணீர் உவர்ப்பா நன்னீரா என்பதைக் குறியுங்கள். 95 விழுக்காடு எத்தனாலில் போட்டு வையுங்கள், கிடைக்காவிட்டால் ஃப்ரீசரில் வையுங்கள். ஃபார்மலின் வேண்டாம், அது மரபணுவைக் கெடுத்துவிடும். எந்த நாட்டுக் கூட்டத்தோடு நெருங்கியது என்று பிறகு ஒப்பிட முடியாது. சென்னையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையமும் உள்ளன. இரண்டில் ஒன்றிடம் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு இனம் ஒரு படகுத்துறையில் மட்டும் இருக்கும்போது தெரிந்தால் சுரண்டி எடுக்க வழி உண்டு; கழி முழுக்கப் பரவிய பிறகு தெரிந்தால் அதன் பரவலைக் கட்டுப்படுத்துவது மட்டும்தான் மிஞ்சும்.